ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், எல்லாத் தலையையும் ஏன் எண்ண வேண்டும்?

மஞ்சக்குப்பத்தான் | சனி, இரவு 9.40

வணக்கம். வீட்டில் ஒரு சண்டை, யாராவது தீர்த்து வையுங்கள்.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். எனக்கு வேலை புதுச்சேரியில். அரியாங்குப்பத்தில் மூன்று நண்பர்களோடு ஓர் அறை எடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவு பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தால், திங்கள் காலை மறுபடி கிளம்பிவிடுவேன். 2027 சென்சஸில் என் பெயரை எங்கே எழுதுவார்கள்? ரேஷன் கார்டில் பெயர் இங்கே இருக்கிறது, அதனால் கடலூர்தான் என்கிறார் அம்மா. அறை நண்பனோ, 'ரெண்டு இடத்துலயும் எழுதிக்கோ, யாருக்குத் தெரியப்போகுது' என்கிறான்.

அப்புறம், மாடியில் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. வாசல் ஒன்று, மீட்டர் ஒன்று, சமையல் மட்டும் பொங்கலிலிருந்து தனி. (அது பெரிய கதை.) நாங்கள் ஒரு குடும்பமா, இரண்டா?

மூன்றாவது என் சொந்தச் சந்தேகம். இந்தக் கணக்கெடுப்புக்கு மத்திய அரசு 11,718 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. தேர்தல் கருத்துக்கணிப்புக்காரர்கள் சில ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டு நாட்டின் மனசையே சொல்லிவிடுகிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாமே சொல்கிறோம். அதுபோல மாதிரி எடுத்துக் கணக்குப் போட்டால் ஆகாதா?

பாகூர் வாத்தியார் | சனி, இரவு 10.25

தம்பி, 1991, 2001, 2011 மூன்றிலும் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். பணி ஓய்வு பெற்றாகிவிட்டது, இந்த முறை முதல் தடவையாகத் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்லப்போகிறேன்.

ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார் எதையும் சென்சஸ் பார்ப்பதில்லை. கணக்கெடுக்கும் நாட்களில் பெரும்பாலும் எங்கே தங்கியிருந்தீர்களோ அங்கேதான் பெயர். 2011-இல் அந்த நாட்கள் பிப்ரவரி 9 முதல் 28 வரை. வாரத்துக்கு நான்கு இரவு அரியாங்குப்பம் என்றால் நீங்கள் புதுச்சேரிக் கணக்கு. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் எழுதச் சொன்ன நண்பனிடம் பக்குவம் தேவையில்லை.

குடும்பம் என்பதற்குச் சென்சஸ் வைத்திருக்கும் அளவுகோல் சமையல். ஒரே அடுப்பில் சமைத்துச் சேர்ந்து சாப்பிட்டு வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம், அவ்வளவுதான். ரத்த உறவு கட்டாயமில்லை. ஆகவே பொங்கலிலிருந்து உலை தனி என்றால் சித்தப்பா வேறு குடும்பம். அரியாங்குப்பம் அறையில் நால்வரும் சேர்ந்து சமைத்தால் நீங்கள் நால்வரும் ஒரு குடும்பம். அந்த நண்பன் உட்பட.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் கணக்கு நிற்கும் நேரம் பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. அதற்குப் பிறகு மார்ச் 1 முதல் 5 வரை அதே வீடுகளுக்குத் திரும்பிப் போய், நடுவில் இறந்தவர்களை அடித்து, பிறந்தவர்களைச் சேர்க்க வேண்டும். அப்படிப் போனபோது ஒரு வீட்டில் பிறந்து மூன்று நாள் ஆன குழந்தையைக் காட்டினார்கள். மார்ச் 1 விடியற்காலையில் பிறந்தது. எழுத முடியாது என்றேன். குழந்தையின் பாட்டிக்கு வந்ததே கோபம்! 'பத்து வருஷம் எம் பேத்தி கணக்குல இல்லியா?' என்று கேட்டார். பத்து எங்கே, அதற்கு மேலும் ஓடிவிட்டது. 2021-இல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்த கணக்கு நேரமும் மார்ச் 1 நள்ளிரவுதான், 2027-இல். அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குச் சரியாகப் பதினாறு முடியும். இந்த நாட்டின் ஜனத்தொகையில் அவள் முதல் தடவையாக அப்போதுதான் சேருவாள்.

பானைச் சோறு என் பாடம் இல்லை. புள்ளிக்கோலம் வந்து சொல்லட்டும்.

புள்ளிக்கோலம் | ஞாயிறு, காலை 7.15

கூப்பிட்டதற்கு நன்றி ஐயா. கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன், ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் இந்தப் பழமொழி வந்துவிடும்.

சோறு வெந்ததா என்று பார்க்க ஒரு பருக்கையை நசுக்கினால் போதும். பானையில் எத்தனை பருக்கை என்று கேட்டால் அந்தப் பருக்கைக்கு எப்படித் தெரியும்? கருத்துக்கணிப்பு சொல்வது பதம். நூறில் எத்தனை பேர் இப்படி நினைக்கிறார்கள் என்பதோடு அது நின்றுவிடும். சென்சஸின் முதல் வேலை எத்தனை பேர் என்று சொல்வது.

பதம் பார்ப்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பானையைக் கிளறியிருக்க வேண்டும். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 12,47,953 பேர். நாட்டில் ஏறத்தாழ 121 கோடி. வகுத்துப் பார்த்தால், ஆயிரம் இந்தியர்களில் ஒருவர் நம்மவர். நாடு முழுவதும் ஆயிரம் பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தால் புதுச்சேரிக்கு ஒரே ஓர் ஆள் வருவார். வராமலும் போகலாம். அதன் ஒரு பகுதியான மாஹேயில் 41,816 பேர்தான். அங்கிருந்து ஓர் ஆள் சிக்கவே ஏறத்தாழ 29,000 பேரை எடுக்க வேண்டும். மாஹேயில் ஆயிரம் ஆண்களுக்கு 1,184 பெண்கள், யூனியன் பிரதேசம் முழுக்கப் பார்த்தால் 1,037. அந்த ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எங்கே கண்டுபிடிப்பது?

மாதிரியின் துல்லியம் எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைப் பொறுத்தது, பானை எவ்வளவு பெரியது என்பதை அல்ல. முறையாகக் குலுக்கி ஆயிரம் பேரைக் கேட்டால் ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி இப்படி அப்படி இருக்கும். நாடு முழுக்கக் கேட்டாலும் அதே 3, கடலூர் மாவட்டத்தில் மட்டும் கேட்டாலும் அதே 3. அந்தப் பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு கிராமத்துக்கும் வார்டுக்கும் தனித்தனியாக நம்பகமான எண் வேண்டுமென்றால், கடைசியில் கிட்டத்தட்ட எல்லாரையும் கேட்கும் இடத்துக்கே வந்து நிற்போம்.

சொல்தா வீட்டுப் பேரன் | ஞாயிறு, காலை 8.02

ஆனால் பிரான்சில் மாதிரிதான் எடுக்கிறார்களே? என் மாமா பாரிஸ் பக்கத்தில் ஒரு நகரத்தில் இருக்கிறார். மேரியிலிருந்து (நம் கடற்கரைச் சாலையில் இருக்கிறதே, அதே மேரி, அங்கே நகராட்சி அலுவலகத்துக்கு அதுதான் பெயர்) ஒரு வருடம் அவருக்குக் கடிதம் வந்தது, பக்கத்து வீட்டுக்கு வரவில்லை. அங்கே அது எப்படிச் செல்லுபடியாகிறது?

இன்னொரு கேள்வி. என் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவர், பிரெஞ்சுக் குடியுரிமை. அவரை இந்தியக் கணக்கில் எழுதுவார்களா?

பாகூர் வாத்தியார் | ஞாயிறு, காலை 8.30

தாத்தாவை எழுதுவார்கள். குடியுரிமை தடை இல்லை, இங்கே வசிக்கிறாரா என்பதே கேள்வி. தூதரக அந்தஸ்து உள்ளவர்களை மட்டும் எண்ணுவதில்லை. அதே விதிப்படி உங்கள் மாமா இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும் இங்கே சேரமாட்டார். கணக்கெடுப்பு நாட்கள் முழுவதும் ஊரில் இல்லாதவரை வீட்டுக்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் எழுதக் கூடாது. 'துபாய்லேர்ந்து பணம் அனுப்புறானே, அவன் இல்லாமயா?' என்று கேட்பார்கள். பணம் வருவது சரி, ஆள் வரவில்லையே.

புள்ளிக்கோலம் | ஞாயிறு, காலை 9.20

பிரான்ஸ் நல்ல எடுத்துக்காட்டு. 2004 முதல் அங்கே நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் மொத்தமாக எண்ணுவது கிடையாது. 10,000 பேருக்குக் குறைவான ஊர்களை ஐந்து பங்காகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு பங்கு ஊர்களில் எல்லாரையும் எண்ணுகிறார்கள். அதற்கு மேற்பட்ட நகரங்களில் வருடத்துக்கு 8 சதவீத வீடுகள். ஐந்து வருடத்தில் 40 சதவீதம். உங்கள் மாமா அந்த 8-இல் விழுந்திருக்கிறார்.

கவனியுங்கள், சின்ன ஊர்களில் மாதிரி கிடையாது, முழு எண்ணிக்கைதான். பெரிய நகரங்களில் மாதிரி எடுக்க முடிவதற்குக் காரணம், ஒவ்வொரு கட்டடத்துக்கும் முகவரிப் பதிவேடு இருக்கிறது. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். மொத்தம் எத்தனை வீடு என்று தெரிந்தால்தான் 8 சதவீதம் எது என்று தெரியும். நம் தெருக்களில் 'பழைய எண் 12, புதிய எண் 27, பால் பூத் எதிரில்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். தபால்காரருக்கு மட்டும் தெரிந்த பதிவேடு அது.

இந்தியாவில் சென்சஸுக்குள் மாதிரி எடுத்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1981-இல் ஆள் எண்ணிக்கை, வயது போன்றவற்றை எல்லாரிடமும் கேட்டார்கள். இடப்பெயர்வு, பிள்ளைப்பேறு பற்றிய கேள்விகளைப் பெரிய மாநிலங்களில் 20 சதவீதத் தொகுதிகளில் (தேர்தல் தொகுதி அல்ல, ஒரு கணக்கெடுப்பாளருக்குப் பிரித்துக்கொடுத்த பகுதி) மட்டும் கேட்டார்கள். சின்ன மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும் எல்லாரிடமும் கேட்டார்கள். காரணம் மேலே சொன்ன மாஹே கதைதான்.

நெய்வேலி நிலக்கரி | ஞாயிறு, காலை 10.10

எல்லாரையும் எண்ணுகிறோம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். என் அனுபவம் வேறு. 2011-இல் எங்கள் வீட்டுக்கு யாரும் வரவே இல்லை, பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு போயிருப்பார்கள் போல. இப்படி விட்டுப்போனது எத்தனை என்று யாருக்குத் தெரியும்? தெரிந்திருந்தால் அப்போதே எண்ணியிருப்பார்களே.

புள்ளிக்கோலம் | ஞாயிறு, காலை 11.05

உங்கள் கடைசி வரி அருமையான கேள்வி. பதில் இருக்கிறது, அதுவும் மாதிரிதான்.

பாகூர் ஏரியில் எத்தனை மீன் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முறை வலை போட்டு 100 மீன் பிடித்து, வாலில் அடையாளம் வைத்து விட்டுவிடுகிறீர்கள். அப்புறம் இன்னொரு நாள் வலை போட்டால் 50 மீன், அதில் 10-க்கு அடையாளம். அதாவது ஐந்தில் ஒரு மீன் முன்பே பிடிபட்டது. ஆகவே ஏரியில் சுமார் 500.

சென்சஸ் முடிந்தபின் நாடெங்கும் சில தொகுதிகளைக் குலுக்கி எடுத்து, வேறு ஆட்களை அனுப்பி, முதல் பட்டியலைக் காட்டாமல் மறுபடி எண்ணச் சொல்வார்கள். பிறகு இரண்டு பட்டியலையும் ஆள் ஆளாக ஒப்பிடுவார்கள். கற்பனைக்கு ஒரு தொகுதி: சென்சஸில் 600 பேர், மறு எண்ணிக்கையில் 590, இரண்டிலும் இருப்பவர்கள் 575. 600-ஐ 590-ஆல் பெருக்கி 575-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 616. பதினாறு பேர் விடுபட்டிருக்கிறார்கள். சந்திரசேகரன் என்ற நம் நாட்டு மக்கள்தொகை அறிஞரும் டெமிங் என்ற அமெரிக்கரும் 1949-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த முறை இது. 2011-க்கு இப்படிப் பார்த்ததில் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டது தெரிந்தது. கிராமத்தைவிட நகரத்தில் அதிகம். ஆனால் வெளியிட்ட எண்ணிக்கையை இதை வைத்துத் திருத்துவதில்லை.

தேவனாம்பட்டினம் வலைஞர் | ஞாயிறு, மதியம் 12.40

அக்கா, மன்னிக்கணும், வலை பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். முதல் வலையில் தப்பிய மீன்தான் இரண்டாவதிலும் தப்பும். விரால் சேற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும், எத்தனை முறை போட்டாலும் மேலே வராது. அப்போ உங்கள் 500 குறைச்சல் கணக்குத்தானே?

புள்ளிக்கோலம் | ஞாயிறு, மதியம் 1.15

இதை நான் மாணவர்களுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆகும். முழுக்கச் சரி. இரண்டு முறையும் ஒரே ஆட்கள் நழுவினால் விடுபட்டவர்கள் இன்னும் அதிகமாக இருப்பார்கள், கணக்கு அதைக் குறைத்தே காட்டும். அந்த 23-ஐயும் அப்படித்தான் பார்க்க வேண்டும். இனி வகுப்பில் விராலைச் சொல்லப்போகிறேன்.

தேவனாம்பட்டினம் வலைஞர் | ஞாயிறு, மதியம் 1.31

எங்கள் பக்கம் விரால் நிறைய. தங்கல் போகிறவர்கள் பல நாள் கடலில். சுனாமிக்குப் பிறகு கொடுத்த குடியிருப்பில் ஒரு வீடு, கடலோரத்தில் பழைய வீடு. ஒன்றுக்குப் போனால் பூட்டு, இன்னொன்றுக்குப் போனாலும் பூட்டு.

பாகூர் வாத்தியார் | ஞாயிறு, மாலை 5.50

மதியம் தூங்கிவிட்டேன். நெய்வேலிக்காரர் குறையை மறுக்க மாட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டு எழுதுவது தவறு, ஆனால் நடந்தது. ஏன் நடக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஏறத்தாழ 600-லிருந்து 800 பேர் உள்ள ஒரு தொகுதி. ஆள் எண்ணுவதற்குச் சில மாதம் முன்பே வீட்டுப்பட்டியல் எடுக்க வேண்டும். முதல் வேலை படம் வரைவது. வடக்கே வாய்க்கால், கிழக்கே மாரியம்மன் கோயில் என்று எல்லை போட்டு, கல் கட்டடத்துக்குச் சதுரம், குடிசைக்கு முக்கோணம். வசிக்காத கட்டடம் என்றால் உள்ளே கோடு கோடாக அடிக்க வேண்டும். எனக்குக் கிடைத்த ஒரு தெருவில் இந்தப் பக்கம் புதுச்சேரி, எதிர்ப்பக்கம் கடலூர் மாவட்டம். ஒரே நாள் காலையில் நானும் அந்த மாவட்டத்து டீச்சர் ஒருவரும் எதிரெதிர் வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியதும் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், எந்த அரசாங்கத்து மோர் என்று கேட்கவில்லை.

படிவம் வேறு பாடாய்ப் படுத்தும். 2001-லும் 2011-லும் இயந்திரம் கையெழுத்தைப் படிக்கும் என்பதால் மடிக்கக் கூடாது, கசங்கக் கூடாது, எண்ணைக் கட்டத்துக்குள்ளேயே எழுத வேண்டும். கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தேன். 2011-இல் ஆளுக்கு 29 கேள்வி. பள்ளி முடிந்து சாயங்காலம் போனால்தான் வீட்டில் ஆள் இருக்கும், அதற்குள் இருட்டிவிடும்.

பிப்ரவரி 28 இரவு மட்டும் மறக்காது. வீடில்லாதவர்களை அன்று ஒரே இரவில் எண்ண வேண்டும். பேருந்து நிறுத்தம், கடைத் திண்ணை, மூலநாதர் கோயில் வாசல் என்று டார்ச்சோடு போனோம். தூங்குகிற மனிதரை எழுப்பி வயது கேட்பது போலச் சங்கடம் வேறு இல்லை. ஒருவர் எழுந்து உட்கார்ந்து, பெயர், ஊர் எல்லாம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, 'இதை எங்க வீட்டுக்குச் சொல்லிடாதீங்க' என்றார்.

நெய்வேலி நிலக்கரி | ஞாயிறு, இரவு 7.20

சரி ஐயா, உங்கள் மேல் கோபம் இல்லை. என் பயம் அந்தக் கோயில் வாசல்காரருடைய பயம்தான். இந்த முறை செல்போன் செயலியில் பதிவு, ஜாதியும் கேட்கப்போகிறார்கள். யாரிடம் போய்ச் சேரும்?

பாகூர் வாத்தியார் | ஞாயிறு, இரவு 7.55

1948-ஆம் ஆண்டுச் சென்சஸ் சட்டம், 15-ஆம் பிரிவு. தனியாள் சொன்ன விவரத்தை யாரும் பார்க்கக் கேட்க முடியாது, சாட்சியமாக நீதிமன்றத்திலும் ஏற்கப்படாது. பதில் சொல்ல மறுத்தால் உங்களுக்கு 1,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அதே சட்டத்தில் 8-ஆம் பிரிவு எனக்குப் பிடித்தது. வழக்கப்படி கணவர் பெயரைச் சொல்லக் கூடாது என்று இருக்கும் பெண்ணை அதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 1991-இல் ஓர் ஆயா, 'மயில் மேல உக்காந்திருப்பாரே, அந்தச் சாமி பேரு' என்றார். முருகனா, சுப்பிரமணியா, வேலாயுதமா, கந்தசாமியா? ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன், தலையாட்டிக்கொண்டே வந்தார். ஆறுமுகத்தில் நின்றது.

புள்ளிக்கோலம் | ஞாயிறு, இரவு 8.40

சட்டம் உறுதியாகத்தான் இருக்கிறது. செயலியின் பூட்டும் அதே உறுதியோடு இருக்கிறதா என்று தொடர்ந்து கேட்பது நம் உரிமை, நெய்வேலிக்காரர் கேட்கட்டும்.

ஜாதி விஷயத்தில் என் கவலை வேறு. எல்லா ஜாதியையும் கடைசியாக முழுமையாக எண்ணி வெளியிட்டது 1931-இல். அப்போது 4,147 பெயர்கள். 2011-இல் சென்சஸுக்கு வெளியே தனியாக எடுத்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் 46 லட்சத்துக்கு மேல் பெயர்கள் வந்து விழுந்தன. பட்டப்பெயர், கிளைப்பெயர், எழுத்துப்பிழை எல்லாம் தனித்தனி ஜாதியாகிவிட்டன. எண்ணுவதற்கு முன்னால் எதை எதோடு சேர்ப்பது என்ற பட்டியல் கையில் இல்லாவிட்டால் மறுபடியும் அதே கூத்துதான்.

இன்னொன்று, இழையின் தலைப்புக்கே திரும்புகிறேன். மாதிரிக்கும் சென்சஸ் வேண்டும். 1950-இல் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு கிராமங்களைக் குலுக்கி எடுப்பது சென்சஸ் கிராமப் பட்டியலிலிருந்து. அந்தப் பட்டியல் 2011-இல் நிற்கிறது. அதற்குப் பிறகு புதுச்சேரியைச் சுற்றி எத்தனை நெல்வயல் மனைப்பிரிவாகிவிட்டது, நீங்களே பார்க்கிறீர்கள். கடலூர் 2011-இல் நகராட்சி, 2021-இல் மாநகராட்சி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ரேஷன் தானியம் பெற நாடு முழுக்க 81.35 கோடிப் பேர் என்ற வரம்பும் 2011-ஐ வைத்துப் போட்டதுதான். நாட்டின் இன்றைய ஜனத்தொகை 140 கோடி என்று இழையின் தொடக்கத்திலிருந்து என் நாக்கில் நிற்கிறது, சொல்லாமல் தவிர்த்துக்கொண்டிருந்தேன். அது மதிப்பீடு. எண்ணியது 121 கோடி.

மஞ்சக்குப்பத்தான் | திங்கள், காலை 6.50

பேருந்தில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். ரெட்டிச்சாவடி தாண்டிவிட்டது. எல்லாருக்கும் நன்றி.

நேற்று இரவு சாப்பாட்டின்போது 'சென்சஸ் கணக்குப்படி நாம் இரண்டு குடும்பம்' என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. மாடிப்படியில் நின்ற சித்தி கேட்டுவிட்டார். காலையில் நான் கிளம்பும்போது மாடியிலிருந்து ஒரு பாத்திரத்தில் இட்லி மாவு வந்தது. வாத்தியார் ஐயா, மாவு மட்டும் பொது, அடுப்பு தனி என்றால் எப்படி எழுதுவார்கள்?

பாகூர் வாத்தியார் | திங்கள், காலை 7.10

பிப்ரவரி வரைக்கும் பொறுங்கள் தம்பி. மாவு இறங்கி வந்துவிட்டதல்லவா, அடுப்பும் இறங்கினால் ஒரே படிவம் போதும்.